அகத்தியர் மலைக்குக் கிளம்பும் முன்…



முருகப்பெருமானிடம் தமிழ் கற்ற அகத்தியரைப் பொதிகை உச்சியில் தரிசிக்கணும்னு தம்பி தங்கச்சிகள் பலர் கேட்கிறீங்க. நம்ம கழுகுமலை மாதிரி நினைச்சுக் கிளம்பிடாதீங்க. உயரம் 1868 மீட்டர். ஏறி இறங்க 3 நாள்.

பாபநாசம் பக்கமா ரகசியமா கூட்டிட்டுப் போறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதியில்லாம நுழையறது குற்றம். வழி கேரளா பக்கம்தான். பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கும் சீசனுக்கு கேரள வனத்துறையிடம் ஆன்லைனில் பதிவு பண்ணணும். மருத்துவச் சான்றும் கேட்பாங்க. திருவனந்தபுரம், விதுரா வழியா போணக்காடு, அங்கிருந்து நடை. முதல் நாள் ராத்திரி அதிருமலை முகாம், மறுநாள் உச்சி. 2019லிருந்து பெண்களும் போறாங்க.

நான் உச்சியைப் பார்க்கலை. கடைசியில் கயிறு பிடிச்சு ஏறும் பாறைக்கு வந்தப்ப தூறல். வழிகாட்டி அண்ணன் "இன்னைக்கு வேண்டாம்"னார். கோவில்பட்டிக்காரனுக்குத் தூறல்னா கொண்டாட்டமாச்சே! கேட்காம ரெண்டடி வச்சேன். நம்ம கரிசல் நனைஞ்சா காலைப் பிடிச்சுக்கும், விடாது. ஈரப்பாறை பிடிக்கவே பிடிக்காது. சறுக்கினவனைக் கயிறுதான் காப்பாத்துச்சு. முழங்கை சிராய்ப்போட அங்கேயே நின்னு கும்பிட்டுட்டு இறங்கிட்டேன்.

ரெண்டு மாசம் முன்னாடியே தினமும் படியேறிப் பழகுங்க. பிடிமானமுள்ள ஷூ, மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு, டார்ச் எடுத்துக்கோங்க. போன் சிக்னலை நம்பாம, திரும்பும் நாளை வீட்டில் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.