ரத்தத்தில் தேடும் புற்றுச் செல்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புற்றுக் கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் கலக்கும் செல்களை எண்ணிச் சொல்லும் பரிசோதனை, 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட தவறான எண்ணங்கள் சிலரை வீண் பயத்திலும், சிலரைப் பொய்யான நிம்மதியிலும் தள்ளுகின்றன.

நம்பிக்கை 1: பயாப்ஸிக்கு ஊசி குத்தினால்தான் நோய் ரத்தத்தில் கலக்கும்.

உண்மை: கட்டி தானாகவே செல்களை உதிர்க்கிறது. புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில், அவருடைய கட்டிகளில் இருந்தவற்றைப் போன்ற செல்களை ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த் 1869-லேயே கண்டார். அப்படி உதிர்பவற்றில் பெரும்பாலானவை ரத்த ஓட்டத்திலேயே அழிந்துவிடுகின்றன. ஊசி சென்ற தடத்தில் நோய் பரவுவது மிக அரிது. அதற்குப் பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

நம்பிக்கை 2: புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்பது இந்த ஒரு பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

உண்மை: செல்சர்ச் எனப்படும் இந்த முறை, நோய் உறுதியாகி, உடலின் பிற இடங்களுக்கும் பரவிய மார்பக, பெருங்குடல், புரோஸ்டேட் புற்றுநோயாளிகளைக் கண்காணிக்கவே அனுமதிக்கப்பட்டது. 7.5 மி.லி. ரத்தத்தில் 5 செல்களோ அதற்கு மேலோ இருந்தால் (பெருங்குடல் புற்றில் 3), நோயின் போக்கு கடுமையாக இருக்கலாம் என்று பொருள். ஆரம்பநிலைக் கட்டியில் ஒரு செல்கூடச் சிக்காமல் போகலாம்.

நம்பிக்கை 3: எண்ணிக்கை பூஜ்யம் என்றால் குணமாகிவிட்டது.

உண்மை: இந்தப் பரிசோதனையில், செல்லின் மேற்பரப்பிலுள்ள எப்கேம் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் காந்தத் துகள்கள் அந்தச் செல்லை இழுத்தெடுக்கின்றன. பரவும்போது சில செல்கள் அந்தப் புரதத்தை இழந்துவிடும். அவை கணக்கில் வராது. சோதிப்பதும் உடலிலுள்ள சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஒன்றரைத் தேக்கரண்டி அளவுதான்.

நம்பிக்கை 4: எண்ணிக்கை குறையாவிட்டால் உடனே கீமோ மருந்தை மாற்ற வேண்டும், ஆயுள் கூடும்.

உண்மை: அமெரிக்காவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு முதல் கீமோ தொடங்கி 21 நாட்களான பிறகும் எண்ணிக்கை இறங்காத பெண்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தை மாற்றினார்கள்; மற்றவர்களுக்குப் பழைய மருந்தையே தொடர்ந்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. மருந்து மாறியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. நோயின் வேகத்தைச் சொன்ன அந்த எண், அதை அடக்கும் மருந்தைக் காட்டவில்லை.

எனவே, அறிக்கையிலுள்ள எண்ணை மட்டும் வைத்து மருந்தை நிறுத்தாதீர்கள். மாற்றச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். ஸ்கேனோடும் உடல்நிலையோடும் சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம். பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் மருத்துவரிடம், “இதன் முடிவால் என் சிகிச்சையில் என்ன மாறும்?” என்று கேளுங்கள். “எதுவும் மாறாது” என்றால், அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை.