தறியும் மதிலும்

நுழையும்முன்

பீகார், ஒடிசா முதலிய தொலைநிலங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் உழைப்போர் நாள்தோறும் திருப்பூருக்கு வந்திறங்குகின்றனர். பனியன் நகரின் பின்னலும் தையலும் சாயமேற்றலும் அவர்களை நம்பியே நடைபெறுகின்றன. ஆள்கள் வந்து தங்கினால் ஊர் வளரும். அவர்கள் அகன்றால் எந்திரம் இருந்தும் தொழில் நின்றுபோகும். இவ்வுண்மையை ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன்பு, சோழமண்டலக் கடற்கரையில் குடியேற முனைந்த பிரெஞ்சுக்காரரும் கற்றுக்கொண்டனர். அவர்கள் அமைத்த புதுச்சேரியை யார் காத்தனர் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரே அமைச்சர், இரு குடியேற்றங்கள்

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பெர், 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்றுவித்தார். வட அமெரிக்காவில் இன்றைய கனடாப் பகுதியில் அமைந்திருந்த ‘புதிய பிரான்சு’ குடியேற்றமும் அக்காலத்தில் அவர் பார்வையிலேயே இருந்தது. அதனைக் காக்க 1665இல் ஏறத்தாழ 1,200 படைவீரர் அனுப்பப்பட்டனர். போர் ஓய்ந்ததும் அவர்களுள் 400 பேரளவில் நிலம் பெற்று அங்கேயே தங்கினர். 1663 முதல் 1673 வரை 800 பேரளவில் பிரெஞ்சு இளம்பெண்களும் அரசின் செலவில் அங்குச் சென்று குடும்பம் அமைத்தனர். உழவரே வீரர், வீரரே உழவர் என்னும் நிலை அங்கு உருவாயிற்று.

இந்தியாவில் இவ்வழி பயன்படவில்லை. கடற்பயணம் மாதக்கணக்கில் நீண்டது. நோயும் பலரை மாய்த்தது. அன்றியும், பிரெஞ்சுக்காரர் இங்கு வந்தது உழுவதற்கன்று, துணி வாங்குவதற்கே. எனவே, அவர்கள் குடிகளையும் காவலரையும் இம்மண்ணிலேயே தேட வேண்டியவராயினர்.

வீரர் குடிகளாதல்

பீசப்பூர் அரசின் சார்பில் வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி, 1673இல் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியில் இடம் அளித்தார். மறு ஆண்டில் சாந்தோம் அவர்கள் கையைவிட்டுப் போனது. பிரான்சுவா மார்ட்டின், 60 பேரளவிலான பிரெஞ்சுக்காரருடன் புதுச்சேரியைக் கட்டமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

அறுபது பேரைக் கொண்டு ஓர் ஊரைக் காத்தல் இயலாது. ஷேர்கான் லோடியிடமிருந்து கிடைத்த 300 இந்திய வீரரே தொடக்கக் காலக் காவலராயினர். மார்ட்டின் அவர்களைக் கூலிப்படையாகவே வைத்திருக்கவில்லை. அவர்களுக்கு நிலம் ஒதுக்கி, வீடு கட்டிக்கொள்ளத் தூண்டி, துணி முதலிய பொருள்களை உருவாக்கும் தொழிலில் ஈடுபடுத்தினார் என்று பிரெஞ்சிந்திய வரலாறு எழுதிய மாலிசன் குறிப்பிடுகிறார். கனடாவில் பிரெஞ்சு வீரர் ஏரைப் பிடித்தனர்; புதுச்சேரியிலோ இந்நாட்டு வீரர் கைத்தொழிலில் ஈடுபட்டனர். ஊதியம் மட்டும் பெறுபவர், அது நின்றால் அகன்றுவிடுவர். வீடும் தொழிலும் உடையவரோ ஊரைத் தமது ஊராகக் கருதுவர் என்பதை மார்ட்டின் உணர்ந்திருந்தார்.

தெரிந்து தெளிவோம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்னும் படைப்பெயர் காணப்படுகிறது. பிற்காலத்தில் ‘கைக்கோளர்’ என்பது நெசவுத்தொழில் புரியும் சமுதாயத்தாரைக் குறிக்கும் பெயராக வழங்கியது. ‘சிப்பாய்’ என்னும் சொல், படைவீரர் எனப் பொருள்படும் ‘சிபாகி’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது.

குடிகளின் வலிமை

1693இல் டச்சுக்காரர் பெரும் கடற்படையுடன் வந்து புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1697இல் ஏற்பட்ட ரிசுவிக் உடன்படிக்கைப்படி, 1699இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் டச்சுக்காரர் நேரிய தெருக்களைக் கொண்ட நகர வரைபடம் ஒன்றை வகுத்தனர். ஊர் திரும்பக் கிடைத்தபின் மார்ட்டின் கோட்டையை வலுப்படுத்தினார். ஆயினும், மதில் எழுந்ததனால் மட்டும் ஊர் நிலைபெறவில்லை. நெசவாளர், சாயத்தொழிலாளர், வணிகர், கொத்தர், கூலியாள்கள் ஆகியோர் நிலைத்திருந்ததனாலேயே ஊர் வளர்ந்தது.

தம் வலிமையைக் குடிகளும் அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கோவில் வழிபாட்டையும் திருவிழாக்களையும் கட்டுப்படுத்தப் பிரெஞ்சு நிருவாகம் முனைந்தது. அப்போது தொழிலாளரும் வணிகரும் ஊரைவிட்டு வெளியேறுவோம் என ஒருமுறைக்கு மேல் எச்சரித்தனர். தறிகள் நின்றால் கப்பல்கள் வெறுமையாய்த் திரும்ப நேரும். ஆதலால், நிருவாகம் தன் முனைப்பைத் தளர்த்தியது. பீரங்கி இல்லாத மக்களிடம் ‘போய்விடுவோம்’ என்னும் ஒரு சொல் படைக்கலமாக இருந்தது.

சிப்பாய்ப் படை

1740இல் மராத்தியப் படை கருநாடகப் பகுதியில் புகுந்தபோது, புதுச்சேரியின் ஆளுநராக டூமா இருந்தார். அவர் ஐரோப்பியரோடு நான்காயிரம் முதல் ஐயாயிரம் வரையிலான இந்திய முஸ்லிம் வீரரையும் சேர்த்து, ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்தார். அவருக்குப்பின் வந்த டியூப்ளே அம்முறையை விரிவாக்கினார். 1746இல் அடையாற்றங்கரையில், ஏறத்தாழ 230 ஐரோப்பியரும் 700 இந்தியச் சிப்பாய்களும் கொண்ட பிரெஞ்சுப் படை, ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூசுகானின் பெரும்படையை முறியடித்தது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாசுகாவென் புதுச்சேரியை முற்றுகையிட்டு, வெற்றி காணாமல் திரும்பினார். அக்காலப் புதுச்சேரி வாழ்வை ஆனந்தரங்கரின் தமிழ் நாட்குறிப்பு நமக்குக் காட்டுகிறது.

அடையாற்றில் பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதியினர் இந்தியரே. ஆனால், வெற்றியின் பெருமை தளபதிகளுக்கே சென்றது. ஊரைக் காத்த சிப்பாய்க்கும் ஊரை வாழவைத்த நெசவாளிக்கும் ஆட்சியில் பங்கு இல்லை. பின்னாளில் ஆங்கிலேயர் இத்தகைய படையமைப்பையே பெருக்கி, இந்தியாவைத் தம் ஆளுகைக்குள் கொணர்ந்தனர். நம்மவர் தோள் நம்மையே அடிமைப்படுத்தும் கருவியாயிற்று.

நமக்குரிய பாடம்

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. மக்கள் வாழ்வும் தொழிலும் மீண்டும் தழைத்தன. மதில் விழுந்தும் ஊர் எழுந்தது.

2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கக் காலத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் பலர் திருப்பூரைவிட்டுச் சொந்த ஊர் திரும்பினர். ஊரடங்கு தளர்ந்து பணி தொடங்கியபோது, அவர்கள் இல்லாத குறையைத் தொழிற்கூடங்கள் உணர்ந்தன. ஓர் ஊருக்கு உழைக்க வருபவர் வெறும் கைகள் அல்லர். அவ்வூரைத் தாங்கும் தூண்கள். அவர்களுக்கு நல்ல குடியிருப்பும், பிள்ளைகளுக்குக் கல்வியும், தம் வழக்கப்படி வாழும் உரிமையும், ஊராரின் மதிப்பும் கிடைத்தாக வேண்டும். உழைப்பைப் பெற்றுக்கொண்டு உரிமையை மறுப்பது அயலார் ஆட்சியின் இயல்பு. அதனை நாம் பின்பற்றலாகாது.

மதிப்பீடு

1. புதிய பிரான்சிலும் புதுச்சேரியிலும் குடியேற்றத்தைக் காக்கப் பிரெஞ்சுக்காரர் மேற்கொண்ட வழிகளை ஒப்பிடுக.

2. ‘போய்விடுவோம்’ என்னும் சொல் படைக்கலமானது எவ்வாறு? விளக்குக.

3. உங்கள் ஊருக்கு உழைக்க வந்து குடியேறிய ஒருவரிடம் உரையாடி, அவர் ஊரைத் தமதாகக் கருதுவதற்கு வேண்டியவை யாவை எனக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.