குளிர்காலத்தில் சைக்கிள் சவாரியும் சுவாசப் பாதுகாப்பும்

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில், உறைபனி படிந்த விடியற்காலையில் சைக்கிளில் செல்வோர் சிலருக்கு இருமலும் மார்பிறுக்கமும் உண்டாகின்றன. இதற்குக் காரணம் குளிர் மாத்திரமன்று, குளிர்காற்றின் வறட்சியுமாகும். மூக்கின் வழியே செல்லும் காற்று வெப்பமும் ஈரமும் பெறுகிறது. மேட்டில் விரைந்து மிதிப்போர் வாயால் மூச்சு வாங்குவதால், வறண்ட காற்று உட்சென்று மூச்சுக்குழாய்களை வருத்துகிறது.

ஆகையால், மூக்கையும் வாயையும் கம்பளித் துணியால் தளர்வாக மூடுதல் வேண்டும். வெளிவிடும் மூச்சின் ஈரமும் வெப்பமும் அதில் தங்கி, உட்செல்லும் காற்றைப் பதப்படுத்தும். முதற் பத்து நிமிஷம் மெதுவாக மிதித்தல் நலம். தடித்த ஒரே உடையினும் மெல்லிய இரண்டு மூன்று உடைகள் மேலானவை. ஏற்றத்தில் ஒன்றைக் களைந்து, வியர்வை படியாது காத்து, இறக்கத்தில் அணியலாம்.

ஆஸ்துமா உடையோர் வைத்தியர் அளித்த மருந்தை உடன் கொண்டு செல்வது அவசியம். மூச்சிழுப்புக் கண்டால் உடனே இறங்கவேண்டும். பொருட்படுத்தாது மிதிப்பது உயிருக்கே அபாயமாகும்.