கோட்டையும் காவலும்

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள பழம்பெரும் ஊர்களுள் ஒன்று செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், அவ்வூரை அடுத்து, பாறைகளைக் குவித்து வைத்தாற்போல் நிற்கும் மூன்று குன்றுகளைக் காண்பர். இராசகிரி, கிருட்டினகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். மூன்றும் தனித்தனிக் குன்றுகளே. எனினும், நீண்டதொரு மதில் அவற்றை வளைத்து ஒரே கோட்டையாக்கியிருக்கிறது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோட்டையை, மராட்டியரின் பிற கோட்டைகளோடு சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இக்கோட்டையின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் நினைக்கத்தக்கவை. சிவாசியின் மகன் இராசாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690இல் முகலாயப் படை வந்து முற்றுகையிட்டது. கோட்டை அப்படையின் கைக்குச் சென்றது 1698இல்தான். பின்னர் 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இதே கோட்டையை ஓர் இரவுப் போரில் கைப்பற்றினார். அன்று உள்ளே இருந்தோரிற் பலர், முன்னரே போரில் தோற்று, ஊக்கம் இழந்து ஓடிவந்த படையினர். முன்னோர் கட்டிய மதில் ஒன்றே. காவல் புரிந்தோரின் நிலை வேறு. ஆதலின் முடிவும் வேறாயிற்று.

ஊருக்குக் கோட்டை முன்னோரிடமிருந்து வந்தது போல, நமக்கும் உடலின் அமைப்பும் உள்ளத்தின் இயல்பும் முன்னோரிடமிருந்து வருகின்றன. நிறமும் உயரமும் மட்டுமா வருகின்றன? சில நோய்களுக்கு எளிதில் இடங்கொடுக்கும் தன்மையும் உடன் வருகிறது. அத்தகைய நோய்களுள் இரண்டு, மனச்சோர்வு நோயும் மது நோயும் ஆகும்.

துன்பம் வந்தபோது வருந்துவது எல்லோர்க்கும் இயல்பு, அது நோயன்று. வாரக்கணக்கில் எதிலும் விருப்பமின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, 'நான் ஒன்றுக்கும் பயனற்றவன்' என்ற எண்ணம் நீங்காமல் வாட்டுவதே மனச்சோர்வு நோய். கேடு வருவதை அறிந்தும், நிறுத்த விரும்பியும், குடியை நிறுத்த இயலாத நிலையே மது நோய். முன்னதைச் 'சோம்பல்' என்றும், பின்னதைத் 'திமிர்' என்றும் ஊரார் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இவ்விரண்டும் ஒரே குடும்பத்தில் தோன்றுவதும் உண்டு. பாட்டனார் குடியால் அழிந்திருப்பார். மகள் காரணம் தெரியாத சோர்வில் ஆழ்ந்திருப்பாள். பேரன் குடிக்கத் தொடங்கியிருப்பான். 'அது அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து' என்பர் அயலார்.

தலையெழுத்து என்று கூறி அமையாமல், அறிஞர்கள் உண்மையை ஆராயத் தொடங்கினர். அதற்கு இரட்டைப் பிறவியர் பெரிதும் துணையாயினர். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் முற்றும் ஒத்திருக்கும். இரு கருவிலிருந்து பிறந்தோர்க்கு ஏறத்தாழப் பாதியே ஒத்திருக்கும். முன்னவரிடையே ஒரு நோய் மிகுதியாக ஒத்துக் காணப்படுமாயின், அதில் மரபுக்குப் பங்கு உண்டு என்று கொள்ளலாம். அமெரிக்க நாட்டில் கெண்ட்லர் என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும், ஆயிரத்துக்கு மேற்பட்ட இணைகளான இரட்டைச் சகோதரியரை ஆராய்ந்து, 1993இல் தம் முடிவை வெளியிட்டனர். இரு நோய்களும் ஒருவரிடமே சேர்ந்து வருவதற்குப் பொதுவான மரபு ஒரு முதன்மையான காரணம். எனினும் ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய மரபும் உண்டு என்பது அம்முடிவு. செஞ்சியின் குன்றுகள் தனித்தனியே நின்றாலும் ஒரே மதிலால் பிணைக்கப்பட்டிருப்பதை இங்கு நினைவு கூர்க.

மது நோயில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியும், மனச்சோர்வு நோயில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் மரபால் விளைவன என்பர். 'குடிப்பவரின் பிள்ளைகளுள் பாதிப்பேர் குடிப்பர்' என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. இது மக்கள் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கூறும் சோதிடம் அன்று. மேலும், இந்நோய்களைத் தரும் மரபணு ஒன்றே என்பதும் இல்லை. எண்ணற்ற மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறு பங்கு ஆற்றுகின்றன.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றுள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், மது நோயாளரின் நெருங்கிய ஆண் உறவினரை ஆராய்ந்தனர். குடும்பத்தில் இடர் மிகுந்த அளவுக்கு, மூளையின் மின்னலைகளுள் ஒன்று தாழ்ந்திருப்பதை 1995இல் அறிவித்தனர்.

பல்லாயிரவரின் மரபணுக்களை ஒப்பிட்ட அண்மைக்கால ஆராய்ச்சிகள் மேலும் ஓர் உண்மையைக் காட்டின. மனச்சோர்வோடு பெரிதும் உறவுடையது மதுவுக்கு அடிமையாகும் இயல்பே. குடிக்கும் அளவோடு அதற்குள்ள மரபுறவு மிகக் குறைவு. மனச்சோர்வுக்கு இடங்கொடுக்கும் மரபு உடையோர் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு மிகுதி என்பதற்கும் சான்று கிடைத்தது. 'துயரத்தை மறக்கக் குடிக்கிறேன்' என்பார் சிலர். ஆனால் மது அத்துயரத்தை மேலும் வளர்க்கிறது. குடியால் வந்த சோர்வு, குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே பலர்க்கு விலகுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

குடிக்கும் தந்தையைக் கண்டு வளரும் மாணவனோ மாணவியோ, 'நானும் இப்படித்தான் ஆவேனோ' என்று இரவில் அஞ்சுவது உண்டு. அவர்கட்கு அறிவியல் கூறும் விடை தெளிவானது. மரபு எத்தகையதாயினும், மதுவைத் தொடாதவரை மது நோய் அணுகாது. கோட்டையின் அந்த வாயிலைத் திறப்பதும் மூடுவதும் நம் கையில் உள்ளன. இளமையிலேயே குடிக்கத் தொடங்குவோர்க்கு இடர் மிகுதி என்பதால், இப்பருவத்துக் காவலே தலையாய காவல்.

மனச்சோர்வுக்கு அத்தகைய வாயில் இல்லை. அது அழையாமலும் வரும். ஆயின் அது தீர்க்கத்தக்க நோய். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுதல் முதற்படி. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் பேசலாம். மது நோயாளரும் மருத்துவத்தால் மீள்கின்றனர். சென்னையில் 1980 முதல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியைச் செய்து வருகிறது. தந்தை நோயுற்றிருப்பது பிள்ளையின் குற்றமன்று. வெட்கி மறைக்க வேண்டியதும் அன்று.

மதிலை நாம் கட்டவில்லை. அதன் உயரமும் தாழ்வும் நம் விருப்பத்தால் அமைந்தவை அல்ல. காவல் மட்டும் நம்முடையது. தனித்து நின்று காக்க இயலாதபோது துணைக்கு ஆள் அழைப்பதும் அக்காவலின் ஒரு பகுதியே ஆகும்.