பொம்மை ரயில் பாயிண்ட்டில் ஏன் நிற்கிறது?

பெட்டியில் வரும் மின்சார ரயிலை வட்டமாக ஓட்டுவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். இரண்டு கம்பிகளும் ஒரு கன்ட்ரோலரும் போதும். ஒரு கிளைப் பாதையைச் சேர்த்த உடனேதான் தொல்லை ஆரம்பமாகிறது. இன்ஜின் பாயிண்ட்டின் நடுவில் நின்றுவிடும். அல்லது ஷார்ட் சர்க்யூட் ஆகிக் கன்ட்ரோலரே மின்சாரத்தை நிறுத்திவிடும். பல வீடுகளில் ரயில் பரணுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். காரணம் எளிமையானது. அதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தால் அரை நாளில் சரிசெய்துவிடலாம்.

ஒரு தாளையும் சிவப்பு, கறுப்பு பென்சில்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை

வழக்கமான மாடல் ரயில் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) ஓடுகிறது. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். சக்கரங்கள் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கின்றன. பிளஸ், மைனஸ் இடம் மாறினால் ரயில் பின்னோக்கிப் போகும். இடது தண்டவாளத்தைச் சிவப்பிலும் வலது தண்டவாளத்தைக் கறுப்பிலும் வரையுங்கள். விதி ஒன்றே: சிவப்பும் கறுப்பும் எங்கும் தொடக் கூடாது.

நிஜ ரயிலில் இதற்கு நேர்மாறு. அங்கே ஓர் அச்சின் இரு சக்கரங்களும் தண்டவாளங்களை மின்சாரத்தால் இணைத்துவிடும். 'டிராக் சர்க்யூட்' உள்ள பாதையில் அந்த இணைப்பால்தான் ரயில் அங்கே நிற்பது தெரிந்து, பின்னால் உள்ள சிக்னல் சிவப்பாகிறது. மாடல் ரயிலில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே மின்காப்பு இருப்பதால்தான் அது ஓடவே முடிகிறது.

பாயிண்ட்

இப்போது இடப் பக்கம் பிரியும் ஒரு பாயிண்ட்டை வரையுங்கள். வெளி ஓரத்துத் தண்டவாளங்கள் இரண்டிலும் சிக்கல் இல்லை. இடது ஓரம் எப்போதும் சிவப்பு, வலது ஓரம் எப்போதும் கறுப்பு. உள்ளே இரு தண்டவாளங்கள் ஆங்கில 'வி' எழுத்துப் போலக் கூடும் இடத்தைக் கவனியுங்கள். அதற்கு 'ஃபிராக்' என்று பெயர். ரயில் நேராகப் போனால் அது இடது தண்டவாளம், ஆகவே சிவப்பு. கிளையில் திரும்பினால் அதுவே வலது தண்டவாளம், ஆகவே கறுப்பு. ஒரே உலோகத் துண்டு ஒரே சமயத்தில் இரு நிறமாக இருக்க முடியாது. தொல்லை முழுவதும் இதுதான்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு.

1. பிளாஸ்டிக் ஃபிராக்: அந்த இடத்தில் மின்சாரமே இல்லை. கம்பி வேலை குறைவு. பல சக்கரங்களில் மின்சாரம் எடுக்கும் நீண்ட இன்ஜின் கடந்துவிடும். சிறிய ஷன்டிங் இன்ஜின் மெதுவாகப் போனால் நின்றுவிடும்.

2. உலோக ஃபிராக்: பாயிண்ட்டின் நகரும் நாக்கு எந்த ஓரத் தண்டவாளத்தைத் தொடுகிறதோ, அதன் மின்சாரம் ஃபிராக்கிற்கு வரும். இன்ஜின் தடங்கலின்றிப் போகும். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: மின்சாரத்தை நாக்குப் பக்கத்திலிருந்தே கொடுக்க வேண்டும், ஃபிராக்கிலிருந்து வெளியே வரும் இரு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட வேண்டும். அதற்கு அப்பால் உள்ள பாதைகளுக்குத் தனிக் கம்பி.

நாளாவட்டத்தில் நாக்கு தொடும் இடத்தில் தூசி படியும். அதனால் மாடிப்படி விளக்கிற்குப் போடுவது போன்ற டூ-வே சுவிட்ச் ஒன்றைச் சிறிய அளவில் வாங்கி, பாயிண்ட்டுடன் சேர்ந்து நகரும்படி பொருத்துவது நல்லது. நடு முனை ஃபிராக்கிற்கு; மற்ற இரண்டும் இரு ஓரத் தண்டவாளங்களுக்கு. போட்டவுடன் ஷார்ட் சர்க்யூட் ஆனால் ஓரக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

டைமண்ட் கிராசிங்

ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர்களுக்கு நாக்பூர் தெரியும். ஒரு பாதை மற்றொன்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் டைமண்ட் கிராசிங்குக்கு அவ்வூர் பேர்போனது. மாடலில் அதைச் செய்தால், இரு கோடிகளிலும் ஒவ்வொரு ஃபிராக் வரும். ஒன்று சிவப்பாகும்போது மற்றது கறுப்பாக வேண்டும். ரயில் அடுத்த பாதையில் வந்தால் இரண்டும் மாற வேண்டும். இங்கே நகரும் நாக்கு இல்லை. தானாக மாற வழியில்லை. ஆகவே ஆறு முனை உள்ள டி.பி.டி.டி. சுவிட்ச் தேவை. தில்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் இத்தகைய சாமான்கள் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் டைமண்டை மட்டுமாவது பிளாஸ்டிக் ஃபிராக் உள்ளதாக வாங்குவது உத்தமம்.

பாயிண்ட் மோட்டார்

இரட்டைச் சுருள் மோட்டார் பெரும்பாலும் 16 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் (ஏ.சி.) இயங்கும். அதற்குக் கண நேர மின்சாரமே போதும். கையை எடுத்தவுடன் தானே விடுபடும் பொத்தானையே பொருத்துங்கள். சாதாரண சுவிட்சைப் போட்டு மறந்துவிட்டால் சுருள் கருகிவிடும். ரயிலுக்குப் போகும் 12 வோல்ட் கம்பியிலிருந்து இதற்கு மின்சாரம் எடுக்க வேண்டாம்.

எச்சரிக்கை

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரைக் கடையில் தயாராக வாங்குங்கள், பிரிக்காதீர்கள். பிள்ளைகளின் கை 12 வோல்ட் பக்கத்தோடு நிற்கட்டும். பற்றவைக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். ஒவ்வொரு கம்பியையும் இணைத்தவுடன், மின்சாரம் கொடுக்குமுன், இரு தண்டவாளங்களுக்கு இடையே மல்டிமீட்டரால் சோதியுங்கள். ஒலி எழுந்தால் கடைசியாகப் போட்ட கம்பியில்தான் தவறு. எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தேடினால் ஒரு நாள் போதாது.

மாற்றல் உத்தியோகக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே பெரிய பலகையாகச் செய்யாமல் இரண்டாகச் செய்து, கம்பிகளைப் பிளக் வைத்து இணையுங்கள். லாரியில் ஏற்றலாம், புது ஊரில் மறுபடி ஓட்டலாம்.

பயிற்சி

ஒரு பாயிண்ட்டின் இரு கிளைகளையும் வளைத்து ஒன்றாகச் சேர்த்து ஒரு வளையம் வரையுங்கள். பென்சிலால் நிறம் தீட்டிக்கொண்டே வாருங்கள். சிவப்பு கறுப்பைச் சந்திக்கிறது அல்லவா? என்ன செய்வீர்கள்? விடையைப் பார்க்குமுன் முயலுங்கள்.

விடை: வளையத்தின் இரு முனைகளிலும், இரு தண்டவாளங்களிலும் மின்காப்பு வேண்டும். வளையம் ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். வளையத்திற்குக் கன்ட்ரோலரிலிருந்து நேராகவும், மெயின் பாதைக்கு டி.பி.டி.டி. சுவிட்ச் வழியாகவும் மின்சாரம் கொடுங்கள். ரயில் முழுவதும் வளையத்திற்குள் வந்ததும் பாயிண்ட்டையும் சுவிட்சையும் மாற்றுங்கள். ரயில் நிற்காமல் வெளியே வரும்.

இப்போது பரவலாக உள்ள டிஜிட்டல் (டி.சி.சி.) முறையில், திசையை இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தீர்மானிக்கிறது. வளையத்திற்குத் தானியங்கி மாற்றியும் கிடைக்கிறது. எனினும் இரு தண்டவாளங்கள் தொட்டால் அங்கும் ஷார்ட் சர்க்யூட்தான். எந்த முறையானாலும் முதலில் பென்சில், பிறகு கம்பி.