அறைக் குளிரூட்டி: தாமே பூட்டலாமோ, வினைஞரை அழைக்கலாமோ?

காண்டாவன வெயிலை நம் முன்னோர் வீடமைப்பினாலேயே வென்றனர். தடித்த மண்சுவர், பனையோலைக் கூரை, வானை நோக்கிய நடுமுற்றம், வேம்பும் மாவும் நிழல் பரப்பும் வளவு ஆகிய இவையே அவர்தம் குளிரூட்டிகள். சீமெந்துத் தட்டின்கீழ் வாழத் தலைப்பட்ட நாமோ அவ்வெப்பத்தை இயந்திரங்கொண்டு வெல்ல முயல்கின்றோம். நகரத்து மாடிவீடுகளில் மட்டுமன்றி ஊர்ப்புறத்து வீடுகளிலும், முதியோர் உறங்கும் அறையொன்றிலேனும், குளிரூட்டி இடம்பெறலாயிற்று. அதனை விலைகொடுத்து வாங்கினார் உள்ளத்தில் அடுத்து எழும் வினா ஒன்றுண்டு. "இதனை நாமே பூட்டிவிடலாமா? அன்றி, வினைஞர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்த வேண்டுமா?" இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இயந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். நம்மவர் ‘ஸ்பிளிற் ஏ.சி.’ என வழங்கும் இப்பொறி இரு கூறுகளை உடையது. ஒன்று அறையினுள்ளே சுவரில் தொங்குவது. மற்றையது வெளியே நிற்பது. இரண்டையும் இரு செப்புக் குழாய்கள் இணைக்கின்றன. வெளிக்கூற்றிலுள்ள அமுக்கி, தொழிலாளர் ‘காஸ்’ என்று கூறும் குளிரூட்டுப் பொருளின் ஆவியை நெருக்குகின்றது. நெருக்குண்ட ஆவி வெப்பத்தை வெளிவளிக்குக் கொடுத்துத் திரவமாக ஒடுங்குகின்றது. அத்திரவம் ஒடுங்கிய வழியொன்றினூடாகச் சென்று அமுக்கம் குறைந்த உட்கூற்றை அடைந்ததும் மீண்டும் ஆவியாகின்றது. ஆவியாதற்கு வேண்டிய மறைவெப்பத்தை அறையின் வளியிலிருந்து கவர்தலால் அறை குளிர்கின்றது. வியர்வை உலருங்கால் உடல் குளிர்வதும் இந்நியதி பற்றியேயாம்.

இங்கே கருத்திற் கொள்ளத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குழாய்ச்சுற்று முழுவதும் தொழிற்சாலையிலேயே மூடி முடிக்கப்பட்டு வருகின்றது. நாம் செய்ய வேண்டியது அதனை மின்னோடு இணைத்தல் மாத்திரமே. இருகூற்றுக் குளிரூட்டியின் நிலை அவ்வாறன்று. அதன் சுற்று நம் வீட்டுச் சுவரிலேதான் இறுதியாக மூடப்படுகின்றது. எனவே, தொழிற்சாலை செய்யாது விட்ட கடைசிப் பங்கைச் செய்பவரே பூட்டுபவர். அப்பங்கு செம்மையாயின் பொறி பல்லாண்டு உழைக்கும். பிழையாயின் விலையுயர்ந்த பொறியும் விரைவிற் கெடும்.

பூட்டும் வேலையை இரு பகுதியாகப் பிரித்து நோக்குவாம். கண்ணாலும் கையாலும் சரிபார்க்கத்தக்கன ஒரு பகுதி. கருவியின் துணையின்றி அறியவொண்ணாதன மற்றைப் பகுதி.

முதற்பகுதியிற் சேர்வன பல. அறைக்கேற்ற அளவைத் தெரிதல் அவற்றுள் ஒன்று. கடைகளில் 9,000, 12,000 எனக் கூறப்படுவன, பொறி மணிக்கு அகற்றும் வெப்பத்தைப் பிரித்தானிய வெப்ப அலகில் குறிப்பன. 12,000 அலகு ஒரு ‘தொன்’ எனப்படும். அஃது ஏறத்தாழ 3.5 கிலோவாற்றுக்குச் சமம். ஒரு தொன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகக் கவரும் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது அவ்வலகு. பெரிய பொறியே சிறந்ததெனக் கருதுதல் தவறு. சிறிய அறையிற் பெரிய பொறி வளியை விரைவிற் குளிர்வித்து அடிக்கடி ஓய்ந்துவிடும்; ஈரத்தை வேண்டியவாறு அகற்றாது. அறை குளிர்ந்தும் புழுக்கம் தீராதிருத்தற்கு இதுவே காரணம்.

சுவரில் தாங்குதட்டை நீர்மட்டம் வைத்துப் பொருத்துதல், குழாய்த் துளையை வெளிப்புறமாகச் சற்றுச் சாய்த்து இடுதல், வெளிக்கூற்றுக்கு உறுதியான பீடம் அமைத்தல், அதன் பின்புறத்தும் முன்புறத்தும் வளி தடையின்றி ஓட இடம் விடுதல், கடலோரத்தில் உப்புக்காற்று நேரே வீசாத பக்கத்தைத் தெரிதல் ஆகியனவும் இப்பகுதியினவே. கழிநீர்க் குழாயைச் சாய்வாக இடுதலை எளிதென எண்ணி விடலாகாது. 1902 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் வில்லிஸ் கரியர் புரூக்கிளினிலுள்ள அச்சகமொன்றுக்கு வளியைச் சீராக்கும் தொகுதியை வகுத்தபோது, வளியின் ஈரத்தை அடக்குதலே அவர்தம் தலையாய நோக்கமாயிருந்தது. ஈரத்தாற் காகிதம் விரிந்து சுருங்க, நிறங்கள் இடம் மாறிப் பதிந்தமையே அதற்குக் காரணம். நம் நாட்டுப் புழுக்கத்தில் படுக்கையறைப் பொறியொன்று மணிக்கு ஒரு லீற்றர் வரையிலும் நீரை வடிக்கக்கூடும். வழி சரியின்றேல் அந்நீர் சுவரிலும் கட்டிலிலும் வடியும். ஒரு செம்பு நீரை ஊற்றிப் பார்த்தால் இவ்வேலையின் குறை நிறை உடனே புலனாகும். இவற்றையெல்லாம் பொறுமையுள்ள எவரும் ஒரு மேசன்மாரின் துணையோடு தாமே செய்யலாம். பிழை நேரினும் கண்ணுக்குத் தெரியும்; திருத்தலும் கூடும்.

இரண்டாம் பகுதியோ வேறு. செப்புக் குழாயை வெட்டிப் பிசிறு நீக்கி, அதன் வாயைப் புனல்போல் விரித்து, நட்டினால் முடுக்குதல் வேண்டும். கால் அங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ 15 நியூற்றன் மீற்றரும், மூன்றெட்டங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ 35 நியூற்றன் மீற்றருமாகிய முறுக்குவிசை தகும். குறைந்தாற் கசியும், மிகுந்தாற் குழாயின் வாய் வெடிக்கும். அளவு காட்டும் ஸ்பானர் இன்றிக் கையுணர்ச்சி ஒன்றையே நம்புதல் பழகாதார்க்கு ஆகாது. பின்னர் உலர்ந்த நைதரசனை உயர்ந்த அமுக்கத்தில் நிரப்பி, மூட்டுகளிற் சவர்க்கார நீர் தடவிக் கசிவு உண்டோ எனச் சோதித்தல் வேண்டும். நைதரசனுக்குப் பதிலாக ஒட்சிசனைப் பயன்படுத்துவோர் எண்ணெயோடு அது கலந்து வெடிக்கத் தாமே வழிசெய்தோராவர்.

அடுத்தது வெற்றிடமாக்குதல். இதன் காரணத்தை விளங்கக் கல்லூரி ஆய்வுகூடத்தை ஒருகால் நினைவுகூர்வோமாக. மணிச்சாடியின் கீழ் இளஞ்சூடான நீரை வைத்து வளிப்பம்பியால் வளியை அகற்றியபோது அந்நீர் தீயின்றியே கொதித்தமையை நம்முட் பலர் கண்டிருப்பர். சாடியை நீக்கி நீரைத் தொட்டோம், கை சுடவில்லை. வளிமண்டல அமுக்கம் இரசத்தின் 760 மில்லிமீற்றர். அது 32 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைந்தால் நீர் 30 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். அன்று வேடிக்கையாகத் தோன்றிய அப்பரிசோதனையே இன்று குளிரூட்டியைக் காக்கும் முறையாயிற்று. குழாயினுள் ஒட்டியுள்ள ஈரத்தைத் துணியால் துடைத்தல் இயலாது. வெற்றிடப் பம்பி அமுக்கத்தை அரை மில்லிமீற்றர் அளவுக்கு இறக்க, அவ்வீரம் ஆவியாகி வெளியேறுகின்றது. அவ்வளவை 500 மைக்குரோன் என்பர். பம்பியை நிறுத்திய பின்னரும் மானியின் முள் ஏறாது நிற்குமாயின் சுற்று உலர்ந்தது, கசிவற்றது என அறியலாம். ஈரம் எஞ்சுமாயின் அஃது அமுக்கியின் எண்ணெயோடு கூடி அமிலமாகி உள்ளிருக்கும் மின்சுருளை அரிக்கும். வளி எஞ்சுமாயின் அஃது ஒடுங்காது நின்று அமுக்கத்தை உயர்த்தும்.

மின்னிணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொறிக்குத் தனிச்சுற்று, தக்க பருமனுள்ள கம்பி, புவித்தொடுப்பு, மின்கசிவு நேர்ந்தவுடன் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிற்சு’ ஆகியன இன்றியமையாதன. ஆளியை அணைத்த பின்னரும் வெளிக்கூற்றிலுள்ள கொள்ளளவி சிறிதுநேரம் மின்னேற்றம் உடையதாயிருக்கும். 230 வோற்று மின்னோடு தகுதியற்றவர் விளையாடலாகாது. இவ்வேலை மின்வினைஞருக்கே உரியது.

இவற்றை நூலறிவால் மாத்திரம் யாம் கூறவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னர் எம் இல்லத்துக்கு வாங்கிய குளிரூட்டியை, கூலியை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தால், மைத்துனர் ஒருவரின் துணைகொண்டு யாமே பூட்டினோம். சுவர்வேலை குறையின்றி முடிந்தது. வெற்றிடப் பம்பி எம்மிடம் இல்லை. பழைய வினைஞர் சிலர் செய்யக் கண்டவாறு வால்வைச் சிறிது திறந்து, உள்ளிருந்த காஸினாலேயே வளியை வெளித் தள்ளினோம். பொறி ஓடிற்று; அறை குளிர்ந்தது. எம் கைத்திறனை யாமே மெச்சிக்கொண்டோம். மறு ஆண்டுக் கோடையிற் குளிர் குறைந்தது. குழாயிற் பனி படிந்தது. ஒருநாள் இரவு அமுக்கி அடியோடு நின்றுவிட்டது. நோயுற்றிருந்த எம் தாயார் அக்கோடை முழுவதும் விசிறியின்கீழ் வருந்தினார். பொறியைக் கழற்றிய வினைஞர் மூட்டொன்றிற் கசிவையும், கறுத்துப் புளித்த நாற்றம் வீசிய எண்ணெயையும் காட்டினார். மிச்சம் பிடித்த கூலி புதிய அமுக்கியின் விலையிற் சிறுபகுதிக்கும் போதவில்லை.

ஆயின், கூலி கொடுத்தலினாலேயே வேலை செம்மையுறும் எனக் கொள்ளலும் தவறு. பின்னர் உறவினர் ஒருவரின் வீட்டிற் பூட்ட வந்த வினைஞர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடிக்க முயன்றார். பம்பி எங்கேயென வினவினோம். "ஐயா, உந்தச் சின்ன மெசினுக்கு அதொண்டும் தேவையில்லை" என்றார். அடுத்த நாள் பம்பியோடு வருமாறு பணிவாக வேண்டினோம், வந்தார். முன்னர் யாம் செய்த பிழையையே அவர் கூலி பெற்றுச் செய்ய இருந்தார். முன்னைய இழப்பு எமக்குக் கற்பித்த பாடம் அன்று உறவினரின் பொறியைக் காத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இக்காலப் பொறிகளிற் பெரிதும் பயிலும் ஆர்-32 எனும் பொருள் ஓசோன் படையைக் கெடுப்பதன்று. ஆயினும் மெதுவாகத் தீப்பற்றும் இயல்பினது. புவியை வெப்பமுறச் செய்வதில் அதன் ஒரு கிலோகிராம், நூறாண்டுக் கணக்கிற் காபனீரொட்சைட்டின் 675 கிலோகிராமுக்கு ஒப்பாகும் என மதிப்பிடப்பட்டுள்ளது. 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்கு 2016 இற் கிகாலியிற் செய்யப்பட்ட திருத்தம் இவ்வினப் பொருள்களைக் குறைத்தற்கே எழுந்தது. அமெரிக்காவிற் குளிரூட்டுச் சுற்றைத் திறந்து வேலை செய்வார் தூயவளிச் சட்டத்தின் 608 ஆம் பிரிவின்படி சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். அங்கே, முன்னரே காஸ் நிரப்பிய குழாய்களோடு வீட்டார் தாமே பூட்டத்தக்க பொறிகளும் விற்கப்படுகின்றன. வெற்றிடமாக்கும் வேலையைத் தொழிற்சாலையே முடித்துவிடுதலால் அவை அவ்வாறு விற்றற்கு இயல்வனவாயின. எனவே அவையும் நம் கூற்றுக்கு மாறானவை அல்ல.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனில், தாமே செய்தலுக்கும் பிறரைக் கொண்டு செய்வித்தலுக்கும் எல்லையிடுவது பணமுமன்று, துணிவுமன்று. சரிபார்க்கும் வல்லமையே என்பதாம். நீர்மட்டத்தாலும் ஒரு செம்பு நீராலும் சரிபார்க்கத்தக்கதை நாமே செய்வோம். மானியால் மட்டும் அறியத்தக்கதை மானி உடையவரிடம் விடுவோம். விட்டபின் நாற்காலியிற் சாய்ந்திராது அருகே நின்று சில வினாக்களை வினவுவோம். நைதரசன் கொண்டு சோதித்தீரா? பம்பி எவ்வளவு நேரம் ஓடிற்று? மானியின் முள் எங்கே நின்றது? புவித்தொடுப்பு உண்டா? நல்ல வினைஞர் இவ்வினாக்களாற் சினங்கொள்ளார். தம் தொழிலை அறிந்தவர் ஒருவரைக் கண்டதாக மகிழ்வர். அவர்க்கு உரிய கூலியைக் குறையாது கொடுத்தல் நம் கடன்.

ஆய்வுகூடத்தில் நாம் கண்டவை தேர்வுத்தாளோடு முடிந்தன அல்ல. மணிச்சாடியினுட் கொதித்த அந்நீர் நம் வீட்டுச் சுவருக்குப் பின்னாலும் கொதித்து அகல வேண்டியிருக்கின்றது. அதனை அறிந்தவர், தாமே பூட்டினும் பிறரைக் கொண்டு பூட்டுவிப்பினும், இழப்பின்றிக் குளிர்ச்சி பெறுவர்.