பால் வற்றிய மரமும் மெலமின் பலகையும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் உள்ள சந்தைக்குத் தேக்கா என்று பெயர். தேக்கு மரத்துக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல் அது. அச்சந்தையைச் சூழ்ந்த அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தேக்கும் இல்லை, மூங்கிலும் இல்லை. துணி அலமாரியும் சமையலறைப் பெட்டகமும் பூசை மாடமும் மெலமின் முகப்பிட்ட பலகையால் ஆனவை. தேக்கின் வரிகள் தெரிகின்றனவே எனில், அவை காகிதத்தில் அச்சிட்ட வரிகள்.

இப்பலகையைப் பற்றித் தோட்டப்புற நண்பர்கள் அறிய வேண்டியது ஏன்? அதன் உள்ளீடு பல வேளைகளில் நாம் பால் வெட்டிய ரப்பர் மரமே.

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அன்று முதல் நெடுங்காலம் பாலுக்கே மதிப்பு இருந்தது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்து, புகைக்கூடத்துக்கும் செங்கற்சூளைக்கும் விறகாக அனுப்பினர். மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சணம் படரும், வண்டு துளைக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே அது நாற்காலி மேசைக்குரிய மரமாயிற்று. நேரான அடிமரம் அறுப்பு ஆலைக்குச் செல்கிறது. கிளையும் அறுத்த மிச்சமும் பலகை ஆலைக்கு.

அங்கே மரத்தைச் சிறு துகள்களாக்கி உலர்த்தி, யூரியா ஃபார்மால்டிஹைடு பசையுடன் கலந்து, சூட்டில் அழுத்துவர். இது துகள் பலகை. இழையாகப் பிரித்து அழுத்தினால் இன்னும் நெருக்கமான இழைப் பலகை கிடைக்கும். பின்னர், வண்ணம் அச்சிட்ட காகிதத்தை மெலமின் பிசினில் தோய்த்து உலர்த்தி, பலகையின் இருபுறமும் வைத்துச் சூடான இயந்திரத்தில் அழுத்துவர். ஒருபுறம் மட்டும் ஒட்டினால் பலகை வளைந்துவிடும். பிசின் இளகிப் பரவி இறுகும். இறுகியபின் மீண்டும் உருகாது. நம் சமையலறை மெலமின் தட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

முகப்பு உறுதியானது, கறை படியாது. குறை விளிம்பில் இருக்கிறது. வெள்ளிதோறும் தரையைக் கழுவும் நம் வீடுகளில், அலமாரியின் அடி விளிம்பு வழியாக நீர் உட்புகுந்து துகள் உப்பிவிடும். உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்குபவர் கதவைத் திறந்து, குனிந்து அடி விளிம்பைப் பார்க்க வேண்டும். நான்கு விளிம்பிலும் பட்டை ஒட்டியிருக்கிறதா, அலமாரிக்குக் கால் உண்டா என்பவையே முதற் கேள்விகள். வெளிநிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிய அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதா? பசையிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடு வாயு அது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டில் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என வகைப்படுத்தியது. சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் வீட்டு உட்புறச் சாயங்களில் இதனை 2026 சனவரி முதல் தடை செய்தது. பலகையில் ‘இ1’ அல்லது ‘இ0’ என்னும் குறி இருந்தால் வாயு குறைவு. பின்னது இன்னும் குறைவு. வாங்கியதும் கதவுகளைத் திறந்து வைத்து, சன்னல் வழியே சில வாரம் காற்றோட விடுதல் நலம். குழந்தை உறங்கும் அடைத்த அறையில் உடனே வைக்கலாகாது. பலகையை வீட்டிலேயே அறுப்பவர் முகக்கவசம் அணிந்து, வெளி முற்றத்தில் அறுக்க வேண்டும்.

பூசை மாடத்துக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. மெலமின் உருகாது என்பதால் எரியாது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இருப்பது மரம். விளக்கின் கீழே பித்தளைத் தட்டு வைக்க வேண்டும். சுடருக்கு நேர் மேலே தட்டுப் பலகை வரலாகாது.